களப்பாட்டையில் செய்தியும் பொருளும்: தொழிலகத் தகவல்தொடர்பு வலைகளும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

ஆங்கில அகராதியை மட்டும் துணைக்கொண்டு ‘ஃபீல்டுபஸ்’ என்னும் சொல்லைத் தமிழாக்க முற்படுவோர் ‘வயற்பேருந்து’ என்னும் வடிவத்தை எளிதில் அடைந்துவிடக்கூடும். அச்சொல்லின் இரு உறுப்புகளுக்கும் அகராதி முதலில் தரும் பொருள்கள் அவையே. ஆயின் தொழிலகத் தானியக்கத் துறையில் இச்சொல் குறிப்பது முற்றிலும் வேறு. ஆலையின் பல இடங்களில் பொருத்தப்பட்டுள்ள வெப்பமானிகள், அழுத்தமானிகள், வால்வுகள், மோட்டார்கள் ஆகியன ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டு, கட்டுப்பாட்டுக் கருவியோடு எண்வடிவச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் வலையமைப்பே ஃபீல்டுபஸ் எனப்படுகிறது.

‘பஸ்’ என்பது இலத்தீன் மொழியின் ‘ஓம்னிபஸ்’ என்னும் வடிவத்திலிருந்து வந்தது. ‘அனைவருக்கும்’ என்று பொருள்படும் அவ்வடிவம் நான்காம் வேற்றுமைப் பன்மை. அதன் விகுதியின் எச்சமே இன்று தனிப் பெயர்ச்சொல்லாக நிற்கிறது. முதலில் அனைவருக்கும் பொதுவான வண்டியையும், பின்னர் மின்னியலில் பல சுற்றுகளுக்குப் பொதுவான கடத்தியையும், அதன்பின் கணிப்பொறியில் பல உறுப்புகளுக்குப் பொதுவான தடத்தையும் அது குறித்தது. இவ்வனைத்திலும் மாறாமல் நிற்பது பொதுமை என்னும் கருத்தே. கணிப்பொறிக் கலைச்சொற்களில் இதற்கு வழங்கும் ‘பாட்டை’ என்னும் சொல் அப்பொதுமையைக் காக்கிறது.

‘ஃபீல்டு’ என்பதற்குப் ‘புலம்’ எனலாமா என்பது அடுத்த வினா. மின்காந்த முறையில் இயங்கும் பாய்மமானியின் கையேட்டில் காந்தப்புலம் பற்றிய விளக்கமும் இடம்பெறும். ஆதலின் அங்குப் ‘புலம்’ மயக்கம் தரும். மொழியியலார் நன்கறிந்த ‘களப்பணி’ என்னும் சொல்லில் உள்ள ‘களம்’ இவ்விடத்துக்கு மிகப் பொருந்துகிறது. ஆய்வறைக்கு எதிராகக் களம் நிற்பதுபோல, ஆலையில் கட்டுப்பாட்டு அறைக்கு எதிராகக் களம் நிற்கிறது. எனவே இக்கட்டுரையில் ‘களப்பாட்டை’ என்னும் சொல் ஆளப்படுகிறது.

எனினும் சொல்லாக்கம் இச்சிக்கலின் சிறு பகுதியே ஆகும். களப்பாட்டையில் கம்பி ஓர் அடுக்கு. செய்தியின் அமைப்பு மற்றோர் அடுக்கு. செய்தியின் பொருள் மூன்றாவது அடுக்கு. கம்பி ஒன்றாயினும் மொழி ஒன்றாவதில்லை. மொழி ஒன்றாயினும் பொருள் ஒன்றாவதில்லை. எந்தச் சொல் எந்த அடுக்கிற்கு உரியது என்பதை அறியாது செய்யப்படும் மொழிபெயர்ப்பு, கொதிகலன் அருகில் நிற்கும் பணியாளரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சுழியும் மௌனமும்

களப்பாட்டைக்கு முன்னிருந்த முறையை முதலில் நோக்குதல் தகும். பல பத்தாண்டுகளாக ஆலைகளில் வழங்கியதும், இன்றும் பரவலாக வழங்குவதும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்ட முறையாகும். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இணைக் கம்பி உண்டு. அதில் ஓடும் மின்னோட்டத்தின் அளவே செய்தி. 10 மீட்டர் உயரமுள்ள தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் கருவியில், 4 மில்லி ஆம்பியர் தொட்டி காலியாக இருப்பதையும், 12 மில்லி ஆம்பியர் நீர் 5 மீட்டர் இருப்பதையும், 20 மில்லி ஆம்பியர் தொட்டி நிரம்பியிருப்பதையும் குறிக்கும்.

சுழியைக் குறிக்க 0 மில்லி ஆம்பியரே போதாதா என்னும் வினா இங்கு எழுகிறது. 0 என்பதைச் சுழிக்குரிய வடிவமாகக் கொண்டால், தொட்டி காலியாக இருப்பதையும் கம்பி அறுந்திருப்பதையும் வேறுபடுத்த இயலாது. 4 மில்லி ஆம்பியர் என்பது ‘இல்லை’ என்னும் சொல். 0 என்பது சொல்லே இல்லாமை. இம்முறையில் கருவி தனக்குத் தேவையான மின்னாற்றலையும் அந்த 4 மில்லி ஆம்பியரிலிருந்தே பெற்றுக்கொள்ள முடிகிறது.

எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை என்று தமிழிலக்கணம் கூறும்பொழுது, அவ்வின்மையே பொருள் தருகிறது என்று கொள்கிறோம். இயல்பான பேச்சில் சூழல் துணை நிற்பதால் வடிவமற்ற உருபு தடையின்றிப் பொருள் தருகிறது. கம்பியில் அத்தகைய சூழல் இல்லை. ஆதலின் பொறியாளர்கள் சுழிக்கும் ஒரு வடிவம் தந்தனர். ஐரோப்பியச் செயல்முறைத் தொழில் பயனாளர் அமைப்பான நாமூர் வகுத்த பரிந்துரை ஒன்று இதனை மேலும் நுட்பமாக்கியது. 3.8 முதல் 20.5 மில்லி ஆம்பியர் வரை அளவீடு எனவும், 3.6-க்குக் குறைந்தாலோ 21-ஐ மீறினாலோ கருவி பழுது எனவும் அது கொள்கிறது.

1980-களின் நடுப்பகுதியில் ரோஸ்மவுண்ட் நிறுவனம் உருவாக்கிய ஹார்ட் முறை, இம்மின்னோட்டத்தின் மேல் இரு ஒலியதிர்வெண்களை ஏற்றியது. 1200 ஹெர்ட்சு 1 என்னும் இலக்கத்தையும், 2200 ஹெர்ட்சு 0 என்னும் இலக்கத்தையும் குறித்தன. சராசரி மின்னோட்டம் மாறாததால் பழைய செய்தி கெடாமல் நிற்க, புதிய எண்வடிவச் செய்தியும் உடன் செல்ல முடிந்தது. எனினும் 200 கருவிகளுக்கு 200 இணைக் கம்பிகள் என்னும் நிலை பெரிதும் நீடித்தது. பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும் தேவையே களப்பாட்டையைத் தோற்றுவித்தது.

3. அடுக்குகள்

அனைத்துலகத் தரப்படுத்த நிறுவனம் 1984-இல் வெளியிட்ட மேற்கோள் மாதிரி, கணிப்பொறித் தொடர்பை ஏழு அடுக்குகளாகப் பகுக்கிறது. களப்பாட்டைகளில் பல இவற்றுள் முதலாவது, இரண்டாவது, ஏழாவது ஆகிய மூன்றை மட்டும் கொள்கின்றன. முதல் அடுக்கு மின்னழுத்தமும் கம்பியும். இரண்டாவது, செய்திச் சட்டகமும் யார் எப்பொழுது பேசலாம் என்னும் முறையும். ஏழாவது, செய்தி எதைக் கேட்கிறது, எதைச் சொல்கிறது என்பது.

ஒலியியல், தொடரியல், பொருண்மையியல் என்னும் பகுப்போடு இதனை ஒப்பிடலாம். ஒப்புமை முழுமையானதன்று எனினும் பயனுடையது. ஆர்.எஸ்.485 என்னும் மின்தரம் முதல் அடுக்கைச் சார்ந்தது. மாட்பஸ், புரோஃபிபஸ் ஆகிய இரு முறைகளும் அதனைப் பயன்படுத்துகின்றன. ஆயினும் ஒன்றின் செய்தி மற்றொன்றுக்கு விளங்காது. இந்தியும் மராத்தியும் தேவநாகரி எழுத்தையே கொண்டிருந்தும் வெவ்வேறு மொழிகளாக நிற்பது போன்றதே இது. ‘இக்கருவி ஆர்.எஸ்.485-ஐ ஏற்கும்’ என்னும் தொடரை ‘இக்கருவி பிற கருவிகளோடு உரையாடும்’ என்று பெயர்ப்பது, ‘இவருக்குத் தேவநாகரி தெரியும்’ என்பதை ‘இவருக்கு மராத்தி தெரியும்’ என்று பெயர்ப்பதை ஒக்கும்.

4. பேசும் முறை

உரையாடலில் முறைமாற்றம் எங்ஙனம் நிகழ்கிறது என்பதைச் சாக்சு, செக்லாஃப், செஃபர்சன் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு மொழியியலார் அறிந்ததே. ஒருவர் பேசும்பொழுது பெரும்பாலும் ஒருவரே பேசுகிறார். இடையீடுகள் சிறியனவாக உள்ளன. ஒரே கம்பியைப் பகிரும் கருவிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. களப்பாட்டைகள் இதற்கு நான்கு வகையான தீர்வுகளைக் கண்டன.

முதலாவது வினா-விடை முறை. மாடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட மாட்பஸ் இதற்குச் சான்று. ஒரு கருவி மட்டுமே வினவும். ஏனையவை வினவப்பட்டால் மட்டுமே விடை தரும். இம்முறைவினவலை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘போலிங்’ என்னும் சொல்லை ‘வாக்கெடுப்பு’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. ஒவ்வொருவரிடமும் வரிசையாகச் சென்று கேட்டல் என்பதே இங்குப் பொருள். வினவப்படாத கருவி தானாக வாய் திறப்பதில்லை என்பது இம்முறையின் இன்றியமையாத விளைவு. ‘எச்சரிக்கைக் குறி இடப்படும்’ என்று மூலம் கூறுவதைக் ‘கருவி எச்சரிக்கை செய்யும்’ என்று பெயர்த்தால், கேளாமலே கருவி அறிவிக்கும் என்னும் தவறான நம்பிக்கை விளையும்.

இரண்டாவது டோக்கன் முறை. 1987-இல் செருமனியில் தொடங்கிய கூட்டுத் திட்டத்தின் விளைவான புரோஃபிபஸ் இதனைக் கையாள்கிறது. வினவும் உரிமை பெற்ற கருவிகள் பல இருப்பின், அவ்வுரிமை ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு வரிசையாகக் கைமாறும். ‘டோக்கன்’ என்றதும் மருத்துவமனையில் வரிசை எண்ணுக்குத் தரும் சீட்டு நினைவுக்கு வரும். ஆனால் இங்குப் பொருத்தமான ஒப்புமை ஒற்றைத் தண்டவாள இரயில் பாதையில் உள்ளது. இந்திய இரயில்வேயில் இத்தகைய பாதைகள் சிலவற்றில் நீல் கருவியிலிருந்து எடுக்கப்படும் பந்து ஓட்டுநரின் கையில் இருந்தால்தான் வண்டி அப்பகுதிக்குள் நுழையலாம். அப்பந்துக்கும் டோக்கன் என்பதே பெயர். மருத்துவமனைச் சீட்டு பலரிடம் ஒரே வேளையில் இருக்கும். இரயில் டோக்கன் ஒன்றே ஒன்றுதான் வெளியில் இருக்கும். புரோஃபிபஸ் டோக்கன் பின்னதையே ஒத்தது. ஆகவே ‘டோக்கன்’ என்னும் கடன்சொல்லை வைத்துக்கொள்வதில் தவறில்லை. விளக்கம் எழுதுவோர் எந்த டோக்கன் என்பதைத் தெளிவாக்கினால் போதும்.

மூன்றாவது நடுவர் முறை. பிரான்சில் 1980-களில் தோன்றிய ஃபிப் முறையில் பாட்டையின் நடுவராக ஒரு கருவி அமர்கிறது. அது ஒரு மாறியின் பெயரைக் கூவும். அம்மாறியை உடைய கருவி அதன் மதிப்பை வெளியிடும். தேவைப்படும் கருவிகள் யாவும் அதனை ஒரே வேளையில் எடுத்துக்கொள்ளும். இங்குச் செய்தி ஆளை நோக்கிச் செல்வதில்லை. தண்டோராப் போல அனைவர் காதிலும் விழுகிறது.

நான்காவது கேன் முறை. மோட்டார் வண்டிகளுக்காகப் போஷ் நிறுவனம் 1983-இல் தொடங்கி 1986-இல் வெளியிட்ட இம்முறை, டிவைஸ்நெட், கேன்ஓப்பன் முதலிய வடிவங்களில் தொழிலகங்களுக்கும் வந்தது. இதில் எக்கருவியும் கம்பி ஓய்ந்திருக்கும்பொழுது பேசத் தொடங்கலாம். இரண்டு கருவிகள் ஒருங்கே தொடங்கினால், ஒவ்வொன்றும் தன் அடையாள எண்ணை இலக்கம் இலக்கமாக அனுப்பியவாறே கம்பியையும் கவனிக்கும். 0 ஓங்கு இலக்கம். 1 ஒடுங்கு இலக்கம். உயிரியல் பாடநூல்களில் மரபுப் பண்புகளைக் குறிக்க வழங்கும் ‘ஓங்கு’, ‘ஒடுங்கு’ என்னும் இணையே இங்கும் பொருந்துகிறது. 010 என அனுப்பும் கருவியும் 011 என அனுப்பும் கருவியும் மூன்றாம் இலக்கத்தில் பிரிகின்றன. 1 அனுப்பிய கருவி கம்பியில் 0 இருப்பதைக் கண்டு விலகிக்கொள்கிறது. வென்ற செய்தி சிறிதும் சிதையாமல் தொடர்கிறது. மனித உரையாடலில் இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் குழம்பும். இங்கு ஒருவர் சொல் முழுமையாக நிற்கிறது.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இங்குண்டு. ஃபிப், கேன் ஆகிய இரு முறைகளிலும் ஆங்கில நூல்கள் ‘ஆர்பிட்ரேஷன்’ என்னும் சொல்லின் குடும்பத்தையே ஆள்கின்றன. ஃபிப் முறையில் உண்மையிலேயே ஒரு நடுவர் உண்டு. கேன் முறையில் நடுவர் எவருமில்லை. போட்டியிடும் கருவிகளே தம்முள் முடிவு செய்துகொள்கின்றன. ஆதலின் முன்னதற்கு ‘நடுவர்’ என்றும், பின்னதற்கு ‘முன்னுரிமைப் போட்டி’ என்றும் வேறுபடுத்துதல் வேண்டும். கேன் பற்றிய கையேட்டில் ‘நடுவர்’ என எழுதினால், பழுது பார்ப்பவர் இல்லாத கருவியைத் தேடி அலைவார்.

5. ஒரு மாட்பஸ் தொடரின் இலக்கணம்

மேற்கூறிய முறைகளுள் மிக எளியதாகிய மாட்பஸின் செய்தியொன்றைப் பகுத்து நோக்கலாம். வினவும் கருவி பின்வரும் எண்களை அனுப்புகிறது எனக் கொள்வோம்: 5, 3, 0, 10, 0, 1. இவற்றின்பின் பிழை அறிவதற்கான இரு எண்கள் வரும். 5 விளிக்கப்படும் கருவியின் முகவரி. 3 வினை, அதாவது ‘பதிவகத்தைப் படித்துச் சொல்’ என்னும் ஏவல். 0, 10 ஆகியன பதிவகத்தின் இடம். 0, 1 ஆகியன எத்தனை என்பது. விளி, ஏவல்வினை, இடம், எண்ணிக்கை என இத்தொடர் அமைகிறது.

விடை 5, 3, 2, 1, 44 என வரலாம். 2 என்பது பின்வரும் பைட்டுகளின் எண்ணிக்கை. 1, 44 ஆகிய இரண்டும் சேர்ந்து 1×256+44, அதாவது 300 ஆகின்றன. இந்த 300 வெப்பமா அழுத்தமா, 300 பாகையா 30.0 பாகையா என்பதைச் செய்தி கூறுவதே இல்லை. அதனைக் கூறுவது கருவியோடு வரும் அச்சிட்ட பட்டியல் மட்டுமே. தொடரின் இலக்கணம் பிழையற்றிருந்தும் பொருள் கம்பிக்கு வெளியில், கையேட்டில், உள்ளது. கையேட்டை மொழிபெயர்ப்பவர் பொருளின் ஒரே உறைவிடத்தைக் கையாளுகிறார் என்பதை உணர்தல் வேண்டும்.

அப்பட்டியலில் இப்பதிவகம் பெரும்பாலும் 40011 எனக் குறிக்கப்பட்டிருக்கும்; கம்பியில் செல்வதோ 10. முதலில் உள்ள 4 எண்ணின் பகுதியன்று. அது பதிவகத்தின் வகையைக் காட்டும் முன்னொட்டு. சுவாகிலி மொழியில் பெயரின் வகுப்பைக் காட்டும் முன்னொட்டுகளை இதற்கு ஒப்பிடலாம். எஞ்சிய 0011 ஒன்றிலிருந்து எண்ணும் மரபு. கம்பியில் உள்ள 10 சுழியிலிருந்து எண்ணும் மரபு. கட்டடத்தில் தரைத்தளத்திற்கு அடுத்ததை முதல் தளம் என்பாரும் இரண்டாம் தளம் என்பாரும் உளர் அல்லவா? அத்தகைய மரபு வேறுபாடே இது. இதனைக் கருதாது எண்ணைத் ‘திருத்தும்’ மொழிபெயர்ப்பாளர், வெப்பத்தைக் கேட்கும் பணியாளருக்கு அடுத்த பதிவகத்தில் உள்ள அழுத்தத்தைத் தந்துவிடுவார்.

ஒரு பதிவகத்தில் அடங்காத பெரிய எண்கள் இரு பதிவகங்களில் வைக்கப்படும். அவற்றுள் எது முன் எது பின் என்பதை மாட்பஸ் வரையறை கூறவில்லை. நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். 70000 என்னும் எண் 1, 4464 என இரு பதிவகங்களில் பகுக்கப்படுகிறது. வரிசையை மாற்றிப் படித்தால் 29,25,52,705 கிடைக்கும். செருமானியர் இருபத்தொன்றை ‘ஒன்றும் இருபதும்’ என்று கூறுவதைக் கேட்ட வரிசையிலேயே இலக்கமாக எழுதினால் 12 ஆகிவிடுவது இதற்கு இணை.

மௌனமும் இம்மொழியில் இலக்கணப் பயன் பெறுகிறது. செய்தியின் முடிவைக் காட்டத் தனிக்குறி இல்லை. மூன்றரை எழுத்து அனுப்பும் நேர அளவு கம்பி ஓய்ந்திருந்தால் செய்தி முடிந்தது என்று பொருள். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் இது ஏறத்தாழ 4 மில்லி நொடி. வினா தவறாக இருப்பின் கருவி, வினை எண்ணோடு 128-ஐக் கூட்டி 131 எனத் தொடங்கும் மறுப்பை அனுப்பும். அதனைத் தொடரும் 2 ‘அத்தகைய இடம் இல்லை’ என்று பொருள்படும். மறுப்பும் ஒரு விடையே. கருவி உயிருடன் உள்ளது என்பதற்குச் சான்று. விடையே வராமை வேறு. இவ்விரண்டையும் ‘தொடர்பு தோல்வி’ என்று ஒரே தொடரால் பெயர்த்தால், நல்ல கம்பியைக் கழற்றிப் பார்ப்பதில் பணியாளரின் நேரம் கழியும்.

6. கூற்றின் உறுதிநிலை

ஃபவுண்டேஷன் ஃபீல்டுபஸ், புரோஃபிபஸ் பி.ஏ. ஆகிய முறைகள் இரசாயன ஆலை போன்ற இடங்களுக்கு உரியவை. இரு கம்பிகளிலேயே மின்னாற்றலும் செய்தியும் நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் செல்கின்றன. இவற்றில் ஒவ்வொரு மதிப்போடும் அதன் நம்பகநிலையைக் காட்டும் ஒரு பைட் இணைந்தே வருகிறது. ‘குட்’, ‘அன்செர்ட்டன்’, ‘பேட்’ என அவை மூவகைப்படும்.

தமிழில் ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, நிகழ்ச்சியைப் பற்றியதன்று. கூறுவோர் அக்கூற்றுக்கு எவ்வளவு பொறுப்பேற்கிறார் என்பதைப் பற்றியது. களப்பாட்டையின் இம்மூன்று குறிகளும் அத்தகையன. 85 பாகை என்னும் மதிப்போடு ‘பேட்’ என்னும் குறி வந்தால், வெப்பநிலை கெட்டதாக உள்ளது என்பது பொருளன்று. 85 என்னும் கூற்றை நம்பலாகாது என்பதே பொருள். ‘நிலை: மோசம்’ என்று திரையில் தமிழாக்கினால், அதனைக் காணும் பணியாளர் வெப்பம் மிகுந்துவிட்டது என்று எண்ணிக் குளிர்நீர் வால்வைத் திறக்கக்கூடும். அவர் செய்ய வேண்டியதோ அக்கருவியை நம்பாமல் வேறு கருவியை நோக்குதல்.

‘அன்செர்ட்டன்’ என்பதைத் ‘தவறு’ எனப் பெயர்ப்பதும் பிழை. உணரி தன் அளவெல்லைக்கு அருகில் இயங்குகையில் வரும் இக்குறி, மதிப்பைத் தள்ளச் சொல்லவில்லை. எச்சரிக்கையோடு கொள்ளச் சொல்கிறது. ஆகவே ‘அளவீடு நம்பத்தக்கது’, ‘அளவீடு ஐயத்திற்குரியது’, ‘அளவீட்டை நம்பற்க’ என, ‘அளவீடு’ என்னும் எழுவாயைக் கூட்டிப் பெயர்த்தலே தகும். ஆங்கில மூலத்தில் எழுவாய் இல்லையாயினும் தமிழில் அதனைச் சேர்ப்பது மிகையாகாது. பொருளைக் காப்பதே ஆகும்.

7. பொதுமொழி ஒன்று உருவாகாமை

உலகனைத்திற்கும் ஒரே களப்பாட்டையை வகுக்கும் முயற்சியை அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1985-இல் தொடங்கியது. செருமனியின் புரோஃபிபஸும் பிரான்சின் ஃபிப்பும் அதற்குள் தத்தம் நாட்டில் வேரூன்றின. ஐரோப்பியத் தரம் 1996-இல் பி-நெட், புரோஃபிபஸ், வேர்ல்டுஃபிப் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணின்கீழ் வெவ்வேறு தொகுதிகளாக வைத்தது. நீண்ட பூசலுக்குப்பின், 1999-ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்கப்பெற்ற 61158-ஆம் எண்ணுள்ள உலகத் தரம் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளாத எட்டு வகைகளை ஒருங்கே கொண்டிருந்தது. இன்று அவ்வெண்ணின்கீழ் 20-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன.

மொழித் தரப்படுத்தத்தை ஆராய்வோர்க்கு இது வியப்பளிக்காது. எவ்வழக்கு தரமொழியாகும் என்பதை இலக்கணச் செம்மை மட்டும் முடிவு செய்வதில்லை. அவ்வழக்கைப் பேசுவோரின் செல்வாக்கும் அதில் அவர்கள் இட்ட முதலீடும் முடிவு செய்கின்றன. இதன் நடைமுறை விளைவு மொழிபெயர்ப்பாளருக்கு முதன்மையானது. ஒரு கருவி 61158 தரத்திற்கு இணங்கியது என்று மட்டும் எழுதுவது, ஒருவர் அட்டவணை மொழியொன்றைப் பேசுகிறார் என்பது போன்றதே. எம்மொழி என்பது விளங்காது. மூலத்தில் வகை எண் இருப்பின் அதனை விடலாகாது.

செருமன் மூலத்திலிருந்து வரும் நூல்களுக்குத் தனிச் சொல்வழக்கும் உண்டு. அங்குச் செய்திச் சட்டகம் ‘டெலிகிராம்’ எனப்படும். இதனைத் ‘தந்தி’ என்றால், இந்தியாவில் 2013-இல் பி.எஸ்.என்.எல். நிறுத்திய சேவையே படிப்போர் நினைவுக்கு வரும். ‘செய்திச் சட்டகம்’ என்பதே போதுமானது.

8. மாற்றுவாயிலும் மொழிபெயர்ப்பும்

பொதுமொழி இல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். களப்பாட்டைகளில் அப்பணியைச் செய்யும் கருவியை மாற்றுவாயில் எனலாம். ஒருபுறம் ஃபவுண்டேஷன் ஃபீல்டுபஸ், மறுபுறம் மாட்பஸ் எனக் கொள்வோம். முன்னதில் மதிப்பும் உறுதிக்குறியும் இணைந்தே வருகின்றன. மாட்பஸ் இலக்கணத்தில் உறுதிக்குறிக்கு இடமே இல்லை. அமைப்பவர் தனிப் பதிவகம் ஒன்றை அதற்கென ஒதுக்கி, மறுபுறத்தாரும் அதனைப் படிக்குமாறு செய்தாலன்றி, ‘வந்தானாம்’ என்பது ‘வந்தான்’ ஆகிவிடும்.

இதனினும் இடர் தருவது ஒன்றுண்டு. களத்தில் உள்ள கருவி மௌனமாகிவிட்டபின்பும், இறுதியாகப் பெற்ற மதிப்பையே மாற்றுவாயில் திரும்பத் திரும்பத் தருமாறு அமைக்கப்பட்டிருக்கலாம். கட்டுப்பாட்டு அறையில் மாறாத ஓர் எண் தோன்றிக்கொண்டே இருக்கும். 4 மில்லி ஆம்பியர் முறை கவனமாகப் பிரித்து வைத்த சுழியும் மௌனமும், மொழிபெயர்ப்பின் வாயிலில் மீண்டும் கலந்துவிடுகின்றன.

9. உருவகச் சொற்களின் மாற்றம்

வினவும் கருவியை ‘மாஸ்டர்’ என்றும் விடைதரும் கருவியை ‘ஸ்லேவ்’ என்றும் குறித்தது பல்லாண்டு வழக்கு. தமிழில் இவை ‘எசமான்’, ‘அடிமை’ என நேரே பெயர்க்கப்படக்கூடியவை. மாட்பஸ் அமைப்பு 2020 சூலையில் இவற்றைக் கைவிட்டு ‘கிளையன்ட்’, ‘சர்வர்’ என்னும் இணையை ஏற்றது. பழைய ‘மாஸ்டர்’ இப்பொழுது ‘கிளையன்ட்’. பழைய ‘ஸ்லேவ்’ இப்பொழுது ‘சர்வர்’. தகவலை உடையதும் கேட்டபொழுது வழங்குவதும் பின்னதே என்பதால் இம்மாற்றம் பொருத்தமானது.

‘சர்வர்’ என்பதற்குத் தமிழில் ‘சேவையகம்’, ‘வழங்கி’ என்னும் இரு வடிவங்கள் உள்ளன. ‘சேவை’ என்பதில் ஏவல் செய்தல் என்னும் சாயல் எஞ்சி நிற்கிறது. ‘வழங்கி’ என்பதில் அச்சாயல் இல்லை. தரும் நிலையில் உள்ளதையே அது சுட்டுகிறது. களப்பாட்டைக்கு ‘வினவி’, ‘வழங்கி’ என்னும் இணை செயலை நேரே காட்டுகிறது எனலாம். பழைய கருவிகள் இன்னும் ஆலைகளில் இயங்குவதால், அவற்றின் பலகைகளிலும் பழைய கையேடுகளிலும் முந்திய சொற்களே காணப்படும். எனவே புதிய மொழிபெயர்ப்பின் தொடக்கத்தில் பழைய இணைக்கும் புதிய இணைக்கும் உள்ள உறவை ஒருமுறை சுட்டுதல் இன்றியமையாதது. இல்லையேல் வினவியும் வழங்கியும் தலைகீழாகக் கொள்ளப்படும்.

10. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்குரிய நெறிகள் சிலவற்றைத் தொகுக்கலாம். முதலாவது, ஒரு சொல் கம்பியைச் சார்ந்ததா, முறையைச் சார்ந்ததா, பொருளைச் சார்ந்ததா என்பதை முன்னர்த் துணிதல். இரண்டாவது, ஒரே ஆங்கிலச் சொல் இரு முறைகளில் வெவ்வேறு செயலைக் குறிப்பின் இரு தமிழ்ச் சொற்களை ஆளுதல். மூன்றாவது, எண்களின் மரபை மாற்றாதிருத்தல். சுழியிலிருந்தா ஒன்றிலிருந்தா என்பதை வெளிப்படையாகக் கூறுதல். நான்காவது, சுழி, மறுப்பு, மௌனம், ஐயம் ஆகிய நான்கையும் நான்கு தொடர்களால் வேறுபடுத்துதல்.

அண்மைக்காலத்தில் ஈதர்நெட் அடிப்படையிலான வலைகள் ஆலைகளில் பரவியுள்ளன. இரு கம்பிகளில் நொடிக்கு ஒரு கோடி பிட் செலுத்தும் ஈதர்நெட்-ஏ.பி.எல். 2021-இல் அறிமுகமாயிற்று. கம்பியின் வேகம் கூடியதனால் 300 என்பது எதைக் குறிக்கிறது என்னும் வினா தீர்ந்துவிடவில்லை. கருவிகளின் பண்புகளை விவரிக்கும் விவரணக் கோப்புகளில் ஒரே தொடருக்குப் பல மொழி வடிவங்களைத் தர இடம் அமைக்கப்பட்டுள்ளது. பணியாளர் திரையில் காணும் சொற்கள் அத்தகைய கோப்புகளிலிருந்து எழுவன. அங்கு இடப்படும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும், ஓர் எண்ணைக் கண்டு வால்வைத் திறப்பதா மூடுவதா எனத் தீர்மானிக்க வேண்டிய ஒருவருக்காக எழுதப்படுவது. அச்சொற்களைத் தேர்வதில் கருவி வல்லுநரோடு மொழியியலாரும் அமர்தல் வேண்டும்.